பதினான்காவது சொல்லுக்கு நூற்றறுபது வினாடி

திருக்கோகர்ணம்,
புதன்கிழமை, காலை 10.05

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை, பேராசிரியர் எழிலரசன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் செவந்தியின் கணவனும், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுமான மச்சான் ஆண்டியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சிவரஞ்சனியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிரகதாம்பாள் துணை செய்யட்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்குப் பதினொரு முறை போன் செய்தேன். பதினொரு முறையும் முழுதாக மணி அடித்து ஓய்ந்தது. வேலையாக இருப்பீர்கள். கடிதம் மணியடித்துத் தொந்தரவு செய்யாது என்பதால் இதை எழுதி, உறையை ஒட்டி, இலக்கியா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கல்லூரியில் அவளை நீங்கள் 'மிஸ் இலக்கியா' என்றுதான் கூப்பிடுகிறீர்களாம். தாய்மாமன் அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் புதிது. படிப்பு அப்படி இருக்கும் என்று செவந்தியிடம் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருட உளவியல் மாணவி இலக்கியாவின் செய்முறை ரெக்கார்டு நோட்டு திங்கட்கிழமை உங்கள் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. ஆறாவது பரிசோதனை, முப்பத்தெட்டாம் பக்கம். ஒரு சொல்லைச் சொன்னதும் மனதில் முதலில் தோன்றுகிற சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்துக் குறிக்க வேண்டும். மொத்தம் இருபத்தைந்து சொற்கள். இருபத்து நான்குக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு வினாடி என்று ஒழுங்காக இருக்கிறது. பதினான்காவதுக்கு மட்டும் நூற்றறுபது. பதில் கட்டத்தில் 'இல்லை'. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, 'இவ்வளவு நேரம் சாத்தியமில்லை. பதிவுப் பிழை. திருத்தி வரவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. ஒரு வருடம் போய்விடும். கூடப் படிக்கிற ஷீபா வீட்டுக்கு வந்து, "நடுவுல ஒரு புள்ளிய வச்சு 1.60ன்னு ஆக்கிருடி, யாரு பாக்கப் போறா" என்று யோசனை சொன்னாள். ஒரு புள்ளியில் காரியம் முடிந்திருக்கும். இவள் கேட்கவில்லை. "வந்தது அதுதான். மாத்த மாட்டேன்" என்று நோட்டை மூடிவைத்தவள்தான், மூன்று நாளாகத் திறக்கவில்லை. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்கள் அக்காள் என் மூஞ்சியைப் பார்த்தே கேட்கிறாள்.

அந்த ஆறு பரிசோதனைகளுக்கும் ஆளாக உட்கார்ந்தவன் நான்தான். சப்ஜெக்ட் என்கிறார்கள். ஆகவே அந்த நூற்றறுபது வினாடிக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவனும் நான்தான். அதற்கு முன், இந்தப் படிப்பால் இந்த வீடு பட்ட பாட்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பரிசோதனையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, நேராகக் கையைப் பார்க்காமல், ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு இழுக்கச் சொன்னாள். ஒன்பது நிமிடம் இருபது வினாடி போராடினேன். செவந்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நம்ம கம்மாய வரைஞ்சிருக்கீங்களா, மடையக் காணோமே" என்றாள். இரண்டாவதில் என் கண்ணைக் கட்டிவிட்டுக் காம்பஸ் முனையால் கையில் தொட்டு, ஒரு முனையா, இரண்டு முனையா என்று கேட்டாள். நான் மூன்று என்றேன். "மூணுன்னு ஒரு பதிலே கெடையாதுப்பா" என்றாள். "மூணாவது கொசும்மா, அது ஒன் பாடத்துல இல்ல போல" என்றேன். மூன்றாவதில் எடை போட்ட டப்பாக்களைக் கையில் தூக்கி எது கனம் என்று சொல்ல வேண்டும். அதை நான் சொதப்பியதைப் பார்த்து உங்கள் அக்காள் ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து அத்தனையும் சரியாகச் சொன்னாள். அதோடு விட்டாளா, மறுநாள் கடைக்காரர் கட்டிக் கொடுத்த துவரம்பருப்பைக் கையில் தூக்கிப் பார்த்து, பொட்டலம் கனம் போதாது என்று தராசில் திருப்பி வைக்கச் சொல்லி, தராசு அவரையே ஆதரித்தபிறகும், "ஒங்க தராசுக்குத்தான் பரிசோதனை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது பருப்பு வாங்க நான்தான் வேறு தெருவுக்கு நடக்கிறேன்.

நான்காவது பரிசோதனை டிக் டிக் என்று அடிக்கும் ஒரு கருவியை வைத்துவிட்டு, அதைக் கேட்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு நானே கவனித்துச் சொல்ல வேண்டியது. ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் வருடம் முதன்முதலாக இதற்கென்றே ஆய்வுக்கூடம் வைத்தவர், படித்த பெரிய மனிதர்களை உட்கார வைத்து இப்படித்தான் கேட்டாராம். அந்த நாளிலிருந்துதான் இது தத்துவம் பேசுவதை விட்டு அறிவியல் ஆனது என்று இலக்கியா சொன்னாள். நான் நாலு நிமிடத்தில் தூங்கிவிட்டேன். அவள் 'சப்ஜெக்ட் அமைதியான நிலையில் இருந்தார்' என்று எழுதி, அதற்கு உங்களிடம் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நான் குறட்டை விட்டதற்கு எட்டு போட்ட அதே கை, நான் விழித்திருந்ததற்குச் சிவப்பு மை போட்டிருக்கிறது.

இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு ராஜலட்சுமி தெருவெல்லாம் செய்தி பரப்பிவிட்டார். வயசானவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மகள் கையில் ஊசி மாதிரி ஒன்று வைத்துக் குத்துகிறாள், அந்த அம்மா ஓரமாக நின்று பார்க்கிறது. வேறு என்ன நினைப்பார்கள்? "பாவம், அந்த மனுஷன் அதுலேருந்தே சரியில்ல. இப்ப முத்திப் போச்சு. அதான் மகள மென்டலுக்குப் படிக்க வச்சிருக்காங்க, செலவு மிச்சம் பாருங்க" என்றாராம். குன்றாண்டார்கோவிலிலிருந்து என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். "அண்ணே, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார். "பதினேழு வருஷத்துக்கு முந்தி எங்கிட்ட டார்ச் லைட் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராத பய" என்றேன். "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் மனைவி நிம்மதியாகச் சொன்னார். நான் சிரித்தேன். ஆனால் மாப்பிள்ளை, அவர்கள் போன பிறகு அந்த ஆப்பிளை யாரும் தொடவில்லை. ராஜலட்சுமி சொன்ன 'அதுலேருந்தே' என்ற வார்த்தை பழக்கூடையோடு கூடத்திலேயே கிடந்தது.

இந்தப் படிப்பின் மேல் எனக்கு மதிப்பு வந்தது ஐந்தாவது பரிசோதனைக்கு முன்னால், இலக்கியா பாடப் புத்தகத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியபோதுதான். லைப்சிக்குக்கும் எண்பது வருடம் முன்னால் நடந்த சங்கதி. இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ். தொலைநோக்கியில் ஒரு கம்பி கட்டியிருக்கும். நட்சத்திரம் அந்தக் கம்பியைத் தாண்டுகிற நேரத்தை, பக்கத்தில் கடிகாரம் அடிக்கிற சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே, கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். அது நம் வேலை, மாப்பிள்ளை. கண்ணில் வண்டி, காதில் மணி. அங்கே கின்னிபுரூக் என்று ஒரு உதவியாளர். அவர் குறித்த நேரம் மேலதிகாரி குறித்ததைவிட முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிந்தி வந்தது. எச்சரித்தும் சரியாகவில்லை என்று ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். முக்கால் வினாடிக்கு வேலை போச்சு! யூனியன் இல்லாத காலம். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் இறந்துபோனார் என்றாள். முப்பது வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ.

அப்புறம் இருபது வருடம் கழித்து ஜெர்மனியில் இன்னொரு நட்சத்திரக்காரர் இந்தக் கதையைப் படித்துவிட்டு, அந்த ஆள் சோம்பேறியாக இருந்திருக்க மாட்டார் என்று சந்தேகப்பட்டு, தன் நேரத்தையும் மற்றவர்கள் நேரத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறார். எந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கண் பார்த்ததை மனசு வாங்கிக்கொள்ள ஆளுக்கு ஆள் வேறு நேரம் பிடிக்கிறது, அது யார் தப்பும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்ததாம். அந்த வித்தியாசத்தை அளக்கப் போய்த்தான், மனசையே அளக்கலாம் என்று வந்து, கடைசியில் உங்கள் டிபார்ட்மென்ட் வரைக்கும் வந்திருக்கிறது. இதை முப்பத்தோரு வருடம் நானும் பார்த்திருக்கிறேன். நான் விசில் ஊதியதும் கியரைப் போடுகிற டிரைவர் உண்டு. விசில் கேட்டு, டீயை ஒரு வாய் குடித்து, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பிறகு ஏறுகிற டிரைவரும் உண்டு. அவருக்கு மட்டும் முக்கால் நிமிடம் முன்னாலேயே ஊதுவேன். வண்டி சரியாகக் கிளம்பும். எனக்கு யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை, போகட்டும். நான் சொல்ல வருவது, ஒரு ஆளின் நேரம் மற்ற ஆட்களோடு ஒத்துப்போகவில்லை என்றதும் 'பிழை' என்று அடிப்பது கிரீனிச் மேலதிகாரி செய்த வேலை. அந்தத் தப்பிலிருந்து பிறந்த படிப்புக்குத் தலைவராக இருக்கிற நீங்கள் அதையே செய்யலாமா?

இப்போது ஆறாவதுக்கு வருகிறேன். அந்த இருபத்தைந்து சொல் பட்டியல் உங்கள் டிபார்ட்மென்டில் பல வருடமாக இருப்பது, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது என்று இலக்கியா சொன்னாள். ஆகவே உங்கள் மேல் குற்றம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, காலை 9.40. கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பால் என்றாள், டீ என்றேன். மரம் என்றாள், நிழல் என்றேன். ஒன்பதாவது சொல் சாவி. பூட்டு என்றேன். ஒன்றரை வினாடி. மாப்பிள்ளை, அந்த ஒன்பதாவது வரியைத் தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். சாவி என்றதும் எனக்குப் பூட்டுதான் வந்தது. நீங்கள் என் மனசில் வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், "பெட்ரோல் போட நான் நின்னுருக்கக் கூடாது, வண்டிச் சாவிய நாந்தான் மச்சான் அவங்கையில குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். அதெல்லாம் இல்லை என்று நான் வாயால் பத்து தடவை சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. வாய் பொய் சொல்லும் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்றரை வினாடியில் மனசுக்குப் பொய் சொல்ல நேரம் இல்லை என்று உங்கள் பாடமே சொல்கிறது. அதை அறிவியல் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் என் கையெழுத்து வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன்.

பதினான்காவது சொல் விசில்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் விளக்கம் என்று வந்தபிறகு முழுதாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், மூத்தவனுக்குக் கட்டுமாவடியில் ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை, முதல் நாள். 7.10 அறந்தாங்கி வண்டியைப் பிடித்தால் ஒன்பதரைக்கெல்லாம் போய்விடலாம். நீங்கள் உங்கள் பைக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் பஸ் ஸ்டாண்டில் டூட்டி. 7.09க்குப் போன் செய்தீர்கள். "மச்சான், மார்க்கெட் திருப்பத்துல நிக்கிறோம், ரெண்டே நிமிஷம், வண்டியப் புடிச்சு வைங்க" என்றீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தோரு வருடத்தில் மந்திரி வீட்டு ஆட்களுக்கே நான் வண்டியைப் பிடித்து வைத்ததில்லை. என் மகனுக்காகப் பிடித்து வைத்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை. அது என் கைப்பழக்கம். 7.10க்கு ஊதினேன். வண்டி கிளம்பியது. 7.12க்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். அவன் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "எங்கப்பா வேற எப்புடி இருப்பாரு மாமா" என்று சிரித்தான். உங்களுக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்தீர்கள். அடுத்த ஊரிலேயே பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று போனான். ரோட்டில் எள்ளுச்செடி காயப்போட்டிருந்தார்கள். பாதி ரோடு. வண்டி வழுக்கியது. யாரும் மோதவில்லை, யாரும் குடிக்கவில்லை, யாரையும் கைது செய்ய வழியில்லை. எனக்குப் போன் வந்தது 7.51.

ஆகவே விசில் என்றதும் நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். நூற்றறுபது வினாடி. இலக்கியா பொறுமையாக வாட்சை ஓடவிட்டாள், நான் வாயைத் திறக்காததால் 'இல்லை' என்று எழுதினாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. பதிவு சரி. தாமதம் என்னுடையது. நான் ஓய்வு பெற்ற ஊழியன், என் நேரத்தை அடித்தால் எனக்கு ஒன்றும் போகாது. அவளுக்கு ஒரு வருடம் போகும். தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முடியாது என்றால், இந்தச் சப்ஜெக்ட் லாயக்கில்லை, வேறு ஆளை வைத்துச் செய் என்று எழுதுங்கள். எதிர்வீட்டு ராஜலட்சுமியை உட்கார வைக்கிறேன். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அரை வினாடியில் பதில் வரும், அதுவும் நம்மைப் பற்றியே வரும்.

அக்காளுக்கு உங்கள் மேல் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. உங்களுக்குப் பிடித்த தோசையை இந்த வீட்டில் சுட்டே இரண்டு வருடமாகிறது. கல்லில் ஓட்டை விழுந்துவிட்டது என்கிறாள். இரும்புக் கல்லில் எப்படி ஓட்டை விழும் என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. உப்புமாவையும் இடியாப்பத்தையும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருக்கிறேன். சிவரஞ்சனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பெரியவளுக்குக் கண்ணாடி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன், கேரட் கொடுங்கள். நீங்கள் இன்னும் பல பட்டங்கள் வாங்கி, நீண்ட ஆயுளோடு, எல்லா வண்டியும் உங்களுக்குக் காத்திருக்கும்படி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஆண்டியப்பன்
காலை 11.50

பி.கு. உறையை ஒட்டும் முன் உங்கள் அக்காள் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "பொய்யி எழுதி ஏம்புள்ளையக் காப்பாத்த வேணாம். நடந்தத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியதில் விசில் ஊதியது நிஜம், நான் பேசாமல் இருந்தேன் என்பது பொய்.

விசில் என்று இலக்கியா சொன்னதும் நான் பதில் சொல்லிவிட்டேன். ஒரு வினாடிகூட ஆகியிருக்காது. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. 'உதயா' என்றேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் இரண்டு வருடம் இரண்டு மாதமாகச் சொன்னதில்லை. கடிதத்தில்கூட நான் மூத்தவன் என்றுதான் எழுதியிருக்கிறேன், திருப்பிப் பாருங்கள். நான் பதில் சொன்னதும் அவள் வாட்சை நிறுத்த வேண்டும். அவள் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாட்ச் ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நேரம் ஓடுவதை வேடிக்கை பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசியில் செவந்தி ஈரக்கையோடு வந்து, மகள் கையிலிருந்து வாட்சை வாங்கி, அவள்தான் அழுத்தினாள். நூற்றறுபது.

அப்போதுதான் இலக்கியா பேசினாள். "அன்னைக்குச் சட்டப் பட்டன் விட்டுப்போச்சுன்னு எங்கிட்டதாம்ப்பா குடுத்தான். நான் போனப் பாத்துக்கிட்டே மெதுவாத் தச்சேன். ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு." செவந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ இல்லடி. போதும்மான்னு எந்திரிச்சான். இன்னொரு தோச தின்னுட்டுப் போடான்னு நாந்தான் உக்கார வச்சேன்" என்றாள்.

மாப்பிள்ளை, அன்றைக்கு அவன் பிந்தியது இரண்டே நிமிடம். அதற்கு நான் சாட்சி, ரிஜிஸ்டரும் சாட்சி. இவளிடம் பட்டன் இரண்டு நிமிடம், உங்கள் அக்காளிடம் தோசை இரண்டு நிமிடம், உங்களிடம் பெட்ரோல் இரண்டு நிமிடம், என்னிடம் நான் கொடுக்காத இரண்டு நிமிடம். மொத்தம் எட்டு. அப்படி ஒரு தாமதம் அன்றைக்கு நடக்கவே இல்லை. நாலு பேரில் மூன்று பேர் இல்லாத நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த மூன்று பேர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் பாடத்தில் அதற்கு ஏதாவது கருவி இருந்தால் கொண்டு வாருங்கள்.

நீங்கள் அடித்த சிவப்புக் கோட்டையும் பார்த்தேன். மற்ற பக்கங்களில் உங்கள் பேனா லேசாகத்தான் ஓடியிருக்கிறது. அந்த ஒரு வரியில் மட்டும் அழுத்தியதில் தாள் கிழிந்து, அடுத்த மூன்று பக்கங்களில் தடம் விழுந்திருக்கிறது. பதினான்காவது சொல் என்ன என்று பார்த்துத்தான் அடித்திருக்கிறீர்கள். இலக்கியா ஏன் யாரிடமும் கேட்காமல் உங்கள் டிபார்ட்மென்டில் போய்ச் சேர்ந்தாள் என்பதும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. வீட்டுக்கு வராத மாமாவைத் தினமும் பார்க்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆகவே மேலே நான் கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வாருங்கள். பதில் கட்டத்தில் அவன் பெயரை எழுத வேண்டும், அதற்கு எங்கள் மூன்று பேருக்கும் கை வரவில்லை. நூற்றறுபதை யார் பெயரில் போடுவது என்பதையும் நான்கு பேருமாக உட்கார்ந்து முடிவு செய்வோம். உங்கள் அக்காள் பரணிலிருந்து கல்லை இறக்கிக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அதில் ஓட்டை ஒன்றும் இல்லை. காலையில் வந்தாலும் சரி, மாலையில் வந்தாலும் சரி, பிந்தி வந்தாலும் சரி. நான் வாசலில் நிற்பேன். கையில் வாட்ச் கட்டியிருக்க மாட்டேன்.